காவிரிக் கரையில் ரெசின் கட்டை வார்ப்பது: வாத்து ஊதல் கடைபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வார்த்த முதல் ரெசின் கட்டை பொங்கிப் போனது. ஐப்பசி மாதம், மூன்று நாளாக விடாத மழை, சுவரெல்லாம் வேர்த்துக் கிடந்தது. ரெசின் என்பது கலந்து ஊற்றினால் இறுகிப் பிளாஸ்டிக் கட்டையாகும் திரவம். பாலியூரித்தேன் ரெசினை இரண்டு பாகமாக அளந்து, கலந்து, அச்சில் ஊற்றினேன். ஐந்தே நிமிடத்தில் புளித்த மாவு மாதிரி எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. இறுகியபின் வாளால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கத் தேன்கூடு.

ரெசின் நல்ல ரெசின்தான். உள்ளே வைத்த மரத்துண்டில் ஈரம் இருந்தது, கலக்கிய குச்சியில் இருந்தது, காற்றிலும் இருந்தது. பாலியூரித்தேனில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மெத்தைக்குள் வைக்கும் நுரைப்பஞ்சைப் பொங்கவைப்பதும் இதே வேதிவினைதான். நான் கட்டை வார்க்க உட்கார்ந்து பஞ்சு வார்த்திருந்தேன்.

ரெசின் வேலையைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இருபது, இருபத்தைந்து டிகிரியில் காய்ந்து கிடக்கும் அறையை மனதில் வைத்து எழுதியவை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ சீர்காழியிலோ அப்படி ஓர் அறை வருஷத்தில் எத்தனை நாள் கிடைக்கும்? வெயில் காலத்தில் சூடு, மழைக்காலத்தில் ஈரம், இரண்டும் இல்லாத மாதங்களில் விடியற்காலைப் பனி. அதனால் இந்த வழிகாட்டியில் ஈரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன். நம் ஊரில் இந்த வேலை பாழாவது பெரும்பாலும் அதனால்தான்.

எதைக் கடையப் போகிறோம்

வாத்து ஊதல் என்பது வாயில் வைத்து ஊதினால் வாத்து போலக் குரல் கொடுக்கும் சின்னக் கருவி. இரண்டு துண்டு. வாய் வைக்கும் பக்கம் குடைந்த குழல். அதைப் பீப்பாய் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் மறுமுனையில் இறுக்கமாகப் போய் உட்காரும் செருகி இன்னொன்று. செருகியின் உள்முனையில் சரிவாகச் சீவிய ஒரு பலகை, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு, நாக்கு நகராமல் பிடிக்க ஒரு தக்கை. காற்று போகும்போது நாக்கு பலகையில் அடித்து அதிர்கிறது. நாதஸ்வரச் சீவாளி தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சீவாளியில் நாணல் இதழ்கள் இரண்டும் ஒன்றோடொன்று அதிரும், இதில் ஒரு நாக்குதான்.

அமெரிக்காவில் இது பெரிய கைத்தொழில். ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்ற ஊரில் 1936 முதல் வாத்துக் குரல் ஊதும் போட்டி நடந்து வருகிறது. அந்த ஊர் நெல் விளையும் ஊர். தண்ணீர் நின்ற நெல்வயலுக்குத்தான் அங்கேயும் வாத்து இறங்குகிறது. இதைப் படித்த நாளிலிருந்து இந்த ஊதல் எனக்கு அந்நியப் பொருளாகவே தோன்றவில்லை.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இது வேட்டைக் கருவி. இங்கே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வேட்டையாடுவது குற்றம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை பக்கம் இதை எடுத்துப் போய் ஊதவே ஊதாதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இறங்கியிருக்கும் ஊசிவால் வாத்தைப் பொய்க்குரல் கொடுத்து அலைக்கழிப்பது பாவம். நான் கடைவது கடைசலின் அழகுக்காக, குரல் அமைக்கும் வித்தைக்காக. அறுவடை முடிந்த தாளடி வயலில் மேய விடும் வீட்டு வாத்துக்கு வேண்டுமானால் ஊதிப் பார்க்கலாம். இதே கட்டையில் பேனா, பம்பரம், கதவுக் குமிழ் எதையும் கடையலாம், வார்க்கும் முறை மாறாது.

எந்த ரெசின்

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

பாலியஸ்டர் மலிவு. ஃபைபர் படகு, தண்ணீர்த் தொட்டி செய்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். நாற்றம் தாங்காது, அதிலிருந்து வரும் ஸ்டைரின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, இறுகினால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத் தெறிக்கும். அதோடு ஆபத்து ஒன்றும் உண்டு. இறுக வைக்கும் வினையூக்கியையும் வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

பாலியூரித்தேன் கடைவதற்கு மிக இனிமையானது. உளி பட்டால் நீளமாக நாடா நாடாவாகச் சுருண்டு வரும். ஆனால் கலந்தபின் சில நிமிடங்களே கையில் இருக்கும், காற்றழுத்தத் தொட்டி கட்டாயம், ஈரம் அறவே ஆகாது. ஆவியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். பாட்டிலை ஒருமுறை திறந்தாலே நம் ஊர்க் காற்று உள்ளே போய் மீதி ரெசினைக் கெடுத்துவிடும்.

எப்பாக்சிதான் நமக்கு ஏற்றது. மெதுவாக இறுகும், குமிழிகள் தாமாக மேலே வந்து உடைய நேரம் கிடைக்கும், ஈரத்தை ஓரளவு பொறுக்கும். ஆனால் வாங்கும்போது கவனம். மேஜைமேல் பூசும் எப்பாக்சி வேறு, ஆழமாக ஊற்றும் எப்பாக்சி வேறு. பூசும் வகையை மொத்தமாக ஊற்றினால் சூடேறி, மஞ்சளித்து, வெடிப்பு விடும். டப்பாவில் ஒரே தடவையில் 50 மில்லிமீட்டர் வரை ஊற்றலாம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இனி நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

வேண்டிய சாமான்

ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் தராசு. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி. சாதாரண ரப்பர் கையுறை எப்பாக்சிக்குப் போதாது. ஆவிக்குத் தகுந்த முகக்கவசம், தூளுக்கு வேறு கவசம். பாலிப்ராப்பிலீன் கப்புகள், தட்டையான குச்சிகள். நிறத்துக்கு மைக்கா பவுடர். பிரவுன் டேப். ஓஎச்பி ஷீட், அதாவது வளையக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் தாள். இவ்வளவுதான். கப்பும் குச்சியும் இனி சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

கையுறை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். எப்பாக்சியின் கெட்டியாக்கி, அதாவது ரெசினோடு கலந்து இறுக வைக்கும் இரண்டாவது திரவம், தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகும். அது ஒரு தடவை வந்துவிட்டால் போகாது, அப்புறம் ஆயுசுக்கும் எப்பாக்சி பக்கம் போக முடியாது. கையில் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது தோலுக்குள் ஊறிப்போக வழி செய்யும். துணியால் ஒற்றியெடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அச்சு

நம் ஊரில் போர்செட் இல்லாத தெரு இல்லை, அதனால் பிவிசி குழாய்த் துண்டு எங்கும் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் குழாயில் 220 மில்லிமீட்டர் நீளம் வெட்டுங்கள். உள்விட்டம் 37 பக்கம் வரும். ஆக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் பிளந்துவிடுங்கள், பிறகு கட்டையை வெளியே எடுக்க அது வழி. உள்ளே ஓஎச்பி ஷீட்டைச் சுருட்டி, விளிம்புகள் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். எப்பாக்சி பிவிசியில் ஓரளவு பிடித்துக்கொள்ளும், ஷீட்டிலிருந்து உரித்தால் வந்துவிடும். பிளந்த இடத்தை வெளியே பிரவுன் டேப்பால் மூன்று சுற்று சுற்றி, அடியில் மூடி போட்டு, பசைத் துப்பாக்கியால் சுற்றி அடைத்துவிடுங்கள்.

ஒழுகுகிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்க மனம் வரும். வேண்டாம். மடிப்பில் நின்றுவிடும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கட்டையில் பால் கலந்த மாதிரி வெள்ளைப் படலம் விழ. அதற்குப் பதில் இரண்டு ஸ்பூன் ரெசின் கலந்து அடியில் ஊற்றி, அது பாகு பதம் தாண்டி இறுகும்வரை விடுங்கள். ஓட்டை இருந்தால் அதிலேயே அடைபடும். மரத்துண்டு வைப்பதாக இருந்தால் அதையும் அந்தப் பாகில் நட்டு வைத்துவிடலாம்.

ஏன் 220 மில்லிமீட்டர்? பீப்பாய்க்கு 100, செருகிக்கு 80, அறுக்கவும் முனை சீவவும் மீதி. இரண்டையும் ஒரே வார்ப்பிலிருந்து அறுத்தால்தான் நிறம் ஒன்றாக ஓடும். தனித்தனியாக வார்த்தவை ஒருபோதும் பொருந்தி வந்ததில்லை எனக்கு.

உள்ளே என்ன வைப்பது

வெறும் நிறக்கட்டை வார்ப்பதென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் டெல்டாவில் இருந்துகொண்டு தாண்டிப் போனால் நஷ்டம்.

தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் பலாமரச் சில்லு கிடைக்கும். மஞ்சள் மரம், தெளிந்த ரெசினுக்குள் வைத்தால் தேன் நிறமாக ஒளிரும். திருவிடைமருதூர் வட்டத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறார்கள், அதற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கடைவது ஆச்சா மரத்தை, அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரத்தை. பல பத்தாண்டு கூரைக்கடியில் காய்ந்த மரம். எனக்குக் கிடைத்த ஆச்சாத் துண்டும் ஒரு இடிந்த வீட்டு விட்டத்திலிருந்து வந்ததுதான். அறுத்த முகம் கருஞ்சிவப்பு, கையில் எடுத்தால் இரும்பு மாதிரி கனம். பனையின் வெளிப்பக்கக் கட்டையில் கறுப்பு நார் கோடு கோடாக ஓடும், அதுவும் அருமை. கொட்டாங்குச்சித் துண்டு போடலாம். ஆனால் அதில் எண்ணெய்ப்பசை இருக்கும். உள்நாரைச் சுரண்டி, அரத்தால் கீறி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின்தான் ரெசின் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நெற்கதிர். பழுத்த கதிர் இரண்டைக் குழாய்க்குள் நிற்கவைத்து லேசான பச்சை ரெசின் ஊற்றினேன். கடையும்போது உளி சில மணிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பொன்னிற உமி ஒரு மெல்லிய வளையமாகவும் நடுவில் வெள்ளை அரிசி ஒரு புள்ளியாகவும் கட்டையின் தோலெல்லாம் தெரிந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் வெட்டுப்பட்ட அரிசி காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் கடைந்த அன்றே அந்த இடங்களில் மெல்லிய சூப்பர் குளூ இரண்டு பூச்சு கொடுத்து அடைத்துவிட வேண்டும்.

பச்சை இலை, பூ எதையும் வைக்காதீர்கள். பழுப்பேறிப் போகும், அதிலிருக்கும் தண்ணீர் சுற்றிலும் குமிழியாக நிற்கும்.

இப்போது காயவைப்பது. விதைநெல் காய்ந்ததா என்று பெரியவர்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், நொறுங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மரத்துக்கு அந்த வசதி இல்லை, தராசுதான் நம் பல். துண்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உணவுக்குப் பயன்படாத சின்ன மின் அடுப்பில் 100 டிகிரியில் வைத்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. நன்கு காய்ந்தது என்று நான் நம்பியிருந்த 60 கிராம் பலாத்துண்டு ஒன்று அடுப்பிலிருந்து வெளியே வரும்போது 53 கிராம் இருந்தது. ஏழு கிராம் தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பு இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் தகர ஷீட்மேல் பத்து நாள் வைக்கலாம், சாயங்காலம் ஆனதும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

காய்ந்ததை மேஜைமேல் விட்டுவைக்காதீர்கள். சூடு ஆறும் முன்பே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு மூடுங்கள். கார்த்திகை மாதத்தில் வெளியே விட்டால் ஓர் இரவிலேயே ஈரம் திரும்ப ஏறத் தொடங்கும்.

ஊற்றுவதற்கு முந்தின நாள், மரத்துண்டின்மேல் ரெசினை மெல்லிசாகப் பூசி இறுகவிடுங்கள். மரத்தின் கண்களில் இருக்கும் காற்று அந்தப் பூச்சிலேயே வெளியேறிவிடும். இதைச் செய்யாவிட்டால் கட்டை இறுகும் நேரம் முழுக்க மரத்திலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும். நெற்கதிருக்கும் இதே பூச்சு, பிரஷால் வேண்டாம், முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் போதும்.

கணக்கு

குழாயின் உள்விட்டம் 3.7 செ.மீ., ஊற்றும் உயரம் 20 செ.மீ. (டப்பாவில் சொன்ன 50 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதே என்றால், குழாய் ஒல்லியானது, சூடு பக்கவாட்டில் வெளியேறும்.) ஆரம் 1.85. 3.14-ஐ 1.85-ஆல் இரண்டு தடவை பெருக்கி, 20-ஆல் பெருக்கினால் 215 கன செ.மீ. ரெசினின் அடர்த்தி சுமார் 1.1. ஆகவே 237 கிராம். கப்பில் ஒட்டிக்கொள்வதற்குச் சேர்த்து 260 கிராம் கலக்கலாம். உங்கள் ரெசின் எடையில் 3-க்கு 1 என்றால், ரெசின் 195, கெட்டியாக்கி 65. மரம் உள்ளே இருந்தால் அது அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் சொல்லும் விகிதம் எடையிலா, கன அளவிலா என்று பாருங்கள். கெட்டியாக்கி ரெசினைவிட லேசானது, அதனால் கன அளவில் 2-க்கு 1 என்பது எடையில் 2-க்கு 1 ஆகாது. சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டியாக்கியைக் கூடுதலாக ஊற்றுவது எப்பாக்சியில் பெரிய தவறு. மிஞ்சிய கெட்டியாக்கி சேர்வதற்கு ரெசின் கிடைக்காமல் உள்ளேயே நிற்கும். கட்டை வாரக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்

தை பின்பாதி முதல் பங்குனி முன்பாதி வரை நமக்குப் பொற்காலம். பனி விலகிய காலை ஒன்பது, பத்து மணிக்கு ஊற்றினால் சூடும் அளவாக இருக்கும், காற்றும் காய்ந்திருக்கும்.

சித்திரை, வைகாசியில் சிக்கல் சூடு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ரெசின் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக இறுகும். 25 டிகிரியில் நாற்பது நிமிடம் கையாளலாம் என்று எழுதியிருந்தால், 35 டிகிரியில் இருபது நிமிடம்தான். விடியற்காலையில் ஊற்றுங்கள், ரெசின் டப்பாக்களை முந்தின இரவே தரையோரம் வைத்துவிடுங்கள். விடியலில் ஈரம் கூடுதல்தான். ஆனால் எப்பாக்சிக்கு அந்த ஈரத்தைவிட நடுப்பகல் சூடு மோசம்.

ஆடியில் காற்று. ஜன்னலைத் திறந்தால் புழுதி வந்து ரெசின்மேல் படியும், மூடினால் ஆவி உள்ளேயே நிற்கும். நான் ஜன்னலுக்கு வேட்டித் துணியை இரட்டையாக மடித்துக் கட்டிவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வார்க்காமல் இருப்பதே நல்லது. வார்த்தே ஆகவேண்டும் என்றால் கதவை மூடி, ஒரு மணி நேரம் ஏசி ஓடியபின் ஊற்றுங்கள். ஈரக்காற்றில் எப்பாக்சியின் மேல்பரப்பில் மெழுகு தடவிய மாதிரி ஒரு வழவழப்பு படியும். கெட்டியாக்கி காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்வதால் வருவது அது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்தால் போய்விடும். கழுவாமல் அதன்மேல் அடுத்த அடுக்கு ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் பிளந்து வரும்.

கலந்து ஊற்றுவது

முதலில் ரெசின், பிறகு கெட்டியாக்கி, இரண்டையும் ஒரே கப்பில் தராசுமேல் வைத்தே ஊற்றுங்கள். மெதுவாகக் கலக்குங்கள், மோர் கடைவது போல வேகமாக அடித்தால் காற்றை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். நான்கு நிமிடம். குச்சியால் கப்பின் பக்கத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஆரம்பத்தில் ரெசினுக்குள் வெந்நீரில் சர்க்கரை கரைவது போல நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் முழுவதும் மறையும்வரை விடாதீர்கள். பிறகு வேறொரு சுத்தமான கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கப்பின் மூலையில் கலக்காமல் ஒட்டியிருப்பது பின்தங்கிவிடும். கட்டையின் நடுவே எங்கோ ஒரு இடம் இறுகாமல் மெழுகாக இருந்தால் அதற்குக் காரணம் இந்த இரண்டாவது கப்பை விட்டதுதான்.

நிறத்துக்கு மைக்கா பவுடர் நூறு கிராமுக்கு ஒரு சிட்டிகையில் தொடங்குங்கள். மஞ்சள்தூளை நானும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அற்புதமாக இருந்தது, வெளிச்சம் பட்டுச் சில வாரத்தில் வெளுத்துவிட்டது. தண்ணீர்ச் சாயம், போஸ்டர் கலர் எதுவும் கூடாது.

இரண்டு நிறம் சுழலாக ஓட வேண்டுமானால் அவசரப்படாதீர்கள். தண்ணீராக இருக்கும்போது ஊற்றினால் இரண்டும் கலந்து சேற்று நிறம் ஆகிவிடும். ரெசின் கம்பிப் பாகு பதத்துக்கு வரும்வரை காத்திருங்கள். குச்சியைத் தூக்கினால் நூலாக இறங்கி, இறங்கிய தடம் ஒரு கணம் நின்று மறைய வேண்டும். அப்போது இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றி, ஒரு குச்சியால் அடியிலிருந்து மேலே ஒரே ஒரு தடவை திருகி எடுங்கள். இரண்டாம் தடவை திருக ஆசை வரும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கலந்ததைப் பெரிய கப்பில் அப்படியே வைத்திருப்பது ஆபத்து. இறுகும்போது ரெசின் தானே சூட்டைக் கக்கும், மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. கப் தொடமுடியாதபடி சுட்டு, உருகி, புகையும். காத்திருக்கும் நேரத்தில் அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். கப் சுடத் தொடங்கினால் உடனே வெளியே கொண்டுபோய் மண்தரையில் வையுங்கள்.

அச்சில் ஊற்றும்போது நூல் மாதிரி மெலிதாக, உயரத்திலிருந்து, ஒரே ஓரத்தில் ஊற்றுங்கள். நூல் மெலியும்போதே பெரிய குமிழிகள் உடைந்துவிடும். பலாத்துண்டு மிதக்கும், அடியில் நட்டது போதாது, மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஊற்றி முடித்துப் பத்து நிமிடத்தில் ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் பிடித்து மேலாக இரண்டு வீச்சு. அதற்குமேல் காட்டினால் ஷீட் சுருங்கும்.

காற்றழுத்தத் தொட்டி

எப்பாக்சியில் தெளிவாக வார்க்க இது இல்லாமலும் முடியும். நெற்கதிர், கொட்டாங்குச்சி மாதிரி காற்று பிடித்திருக்கும் பொருள் வைத்தால் இது இருப்பது பெரிய உதவி. குமிழி வெளியே போவதில்லை, நசுங்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. மீட்டரில் 45 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்றால் வெளிக்காற்றோடு சேர்த்து நான்கு மடங்கு அழுத்தம், குமிழியின் கன அளவு நான்கில் ஒன்றாகும். ரெசின் நன்றாக இறுகும்வரை அழுத்தம் குறையக்கூடாது. பாதியில் இறங்கினால் குமிழி திரும்ப ஊதிக்கொள்ளும். ராத்திரி கரண்ட் போனாலும் பரவாயில்லை, வால்வை மூடியிருந்தால் தொட்டி தானே பிடித்து வைத்திருக்கும்.

ஸ்பிரே பெயின்ட் கடையில் விற்கும் பெயின்ட் பிரஷர் டேங்க், பத்து லிட்டர் போதும். அதன் தகட்டில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். மூடியின் திருகாணிகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். முதல் தடவை காலியாக ஓர் இரவு அழுத்தம் ஏற்றி வைத்து, சோப்பு நுரை தடவி எங்கே கசிகிறது என்று பாருங்கள். அழுத்தம் முழுவதும் இறங்காமல் மூடியில் கை வைக்கவே கூடாது. வீட்டுச் சமையல் குக்கரை இதற்கு எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ.க்குச் செய்த பாத்திரம், மூன்று மடங்கு ஏற்றினால் அது வெடிகுண்டு.

இங்கேயும் ஈரம் உண்டு. கம்ப்ரசர் நம் ஊர்க் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிச் சிலிண்டரின் அடியில் தேங்கும். ஒரு மாதம் கழித்து அடித் திருகைத் திறந்தபோது எனக்கு அரை டம்ளர் துருத்தண்ணீர் வந்தது. அந்த ஈரக் காற்றைத்தான் ரெசின்மேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். குழாய் நடுவே நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று மாட்டுங்கள், வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள்.

காத்திருப்பது

இரண்டு நாள் கழித்து அச்சைப் பிரிக்கலாம். டேப்பை அறுத்து, பிளவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத் திருப்பினால் குழாய் வாய் திறக்கும். ஆனால் அன்றே கடையாதீர்கள். ஏழு நாள் விடுங்கள். தேதியையும் விகிதத்தையும் கட்டையின் முனையில் மார்க்கரால் எழுதி வையுங்கள், நான்கு கட்டை சேர்ந்தபின் எது எப்போது வார்த்தது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் ஒரு வாரம் வெயில் படும் அறையில் கிடக்கட்டும்.

மிஞ்சிய ரெசினைக் கப்பிலேயே இறுகவிட்டுக் கட்டியாகக் குப்பையில் போடுங்கள். நீராக இருக்கும்போது சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மீனுக்கும் நண்டுக்கும் அது விஷம், அந்த வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேருவது யாரோ ஒருவருடைய வயலுக்கு.

துளையிட்டுக் கடைவது

கும்பகோணம் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் என் முதல் நல்ல கட்டையைக் காட்டினேன். விரலால் சுண்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "தம்பி, மரத்துக்கு ரேகை பாத்து உளி வைப்போம். இதுக்கு ரேகையே இல்லையே, எதப் பாத்து வெப்பீங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. ரெசினில் பார்க்க வேண்டியது சுருளை. உளி கூராக, கோணம் சரியாக இருந்தால் சுருள் நீண்டு வரும். தூளாகவோ சில்லாகவோ தெறித்தால் நிறுத்தி, உளியைத் தீட்டுங்கள்.

துளை முதலில். 16 மில்லிமீட்டர், அதாவது 5/8 அங்குலம், இந்த ஊதலுக்கு வழக்கமான துளை. மெதுவான வேகத்தில், ஒரு செ.மீ. போனதும் பிட்டை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிட்டு மறுபடி. சூடேறினால் ரெசின் இளகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும், துளையும் பெரிதாகிவிடும். மறுமுனை வரை குடையாதீர்கள். பிட் வெளியே வரும் இடத்தில் சில்லு பெயரும். கட்டையைப் பத்து மில்லிமீட்டர் நீளமாக விட்டு, துளைத்தபின் அந்த முனையை அறுத்துத் தள்ளுங்கள்.

கடையும்போது 37 மில்லிமீட்டர் கட்டைக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று போதும். மரமும் ரெசினும் சேரும் இடத்தில் கையை லேசாக வையுங்கள், இரண்டும் ஒரே கடினம் இல்லை, உளி குதிக்கும். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மூக்குக்குத் தூள் கவசம், இரண்டும் கட்டாயம்.

உப்புத்தாள் 240-இல் தொடங்கி 400, 600, பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் 1000, 2000. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் இயந்திரத்தை நிறுத்தி, நீளவாக்கில் கையால் நாலு தேய்ப்பு. அப்போதுதான் முந்தின தாளின் வளையக் கீறல் போகும். மரம் வெளியே தெரியும் கட்டைக்குத் தண்ணீர் தொடாதீர்கள், எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். கடைசியாகக் கார் பாலிஷ். வாய் வைக்கும் முனையை மட்டும் இன்னும் ஒரு வாரம் காயவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவியபின்தான் உதட்டில் வைக்க வேண்டும்.

செருகியின் காம்பைப் பீப்பாய்த் துளைக்குப் பொருத்தும்போது ஒரு கணக்கு வேண்டும். ரெசின் ஈரத்துக்கு அசையாது, மரம் அசையும். காம்பு முழுவதும் ரெசினாக இருந்தால் இறுக்கமாகவே விடலாம். ஆச்சாவோ பலாவோ காம்பில் வெளியே தெரிந்தால், சித்திரையில் கடையும்போது ஒரு காகிதத் தடிமன் இளக்கம் விடுங்கள். கார்த்திகை மழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். திருகாமல் நேராக இழுத்து வந்தால் சரி. வரவில்லை என்றால் பலங்கொண்டு இழுக்காதீர்கள், பீப்பாயின் வாய் பிளந்துவிடும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு நாலு நாள் வைத்தால் மரம் வற்றித் தானே இளகும், அப்புறம் 600 தாளால் காம்பைச் சுற்றி இரண்டு தேய்ப்பு தேய்த்துக்கொள்ளலாம்.